திரும்பும்போது காரில் கரகர சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேராகப் போகும்போது வண்டி அமைதியாக இருக்கிறது. ஸ்டீயரிங்கை ஒடித்ததும் முன்பக்கத்திலிருந்து கரகரவென்றோ டக்டக்கென்றோ ஒரு சத்தம். எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் இதைச் சொல்லித்தான் பேச ஆரம்பிக்கிறார்கள். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் நாங்கள் சொல்லும் பதில்களும் இவை. ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஐ10 மாதிரி முன்சக்கரத்தை இன்ஜின் சுற்றும் வண்டிகளை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். பொலேரோ, தார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு பதில் கீழே இருக்கிறது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உறுதியாகத் தெரியாமல் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். ஆக்சில் (இன்ஜினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) மாற்றி, பேரிங் (சக்கரத்தை உராயாமல் சுழல வைக்கும் பாகம்) மாற்றி, கடைசியில் பிரேக் டிஸ்குக்குப் பின்னால் சிக்கியிருந்த ஒரு சின்னக் கல்லை எடுத்ததும் சத்தம் நின்ற வண்டிகள் இருக்கின்றன.

நேராகப் போனால் இல்லாத சத்தம் திரும்பும்போது மட்டும் ஏன் வருகிறது?

திரும்பும்போது மூன்று விஷயங்கள் மாறுகின்றன. முதலில் பாரம். இடது பக்கம் திரும்பினால் வண்டி வலது பக்கம் சாயும், வலது சக்கரங்கள் கூடுதல் எடையைச் சுமக்கும். தேய்ந்த வீல் பேரிங் அப்போதுதான் கத்தும். அடுத்தது கோணம். கிட்டத்தட்ட நேராகச் சுற்றிக்கொண்டிருந்த ஆக்சில், சக்கரம் ஒடிந்ததும் வளைந்த நிலையில் சுற்றியாக வேண்டும். அதன் முனையில் இருக்கும், வளைந்தாலும் சுற்றவிடும் இணைப்பான சிவி ஜாயிண்ட்டுக்கு அதுதான் கடினமான வேலை. மூன்றாவது அசைவு. ஸ்ட்ரட் என்ற முன்பக்க சஸ்பென்ஷன் தூணின் மேல்முனைப் பேரிங், சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் பால் ஜாயிண்ட், சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனையான டை ராட் எண்ட் எல்லாம் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதுதான் அதிகம் புரள்கின்றன.

ஆகவே திரும்பும்போது சத்தம் வருகிறது என்பது பாதித் தகவல்தான். பாரத்தால் வருகிறதா, கோணத்தால் வருகிறதா, வெறும் அசைவால் வருகிறதா என்று பிரித்துவிட்டால் தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும்.

மெக்கானிக்கிடம் போவதற்கு முன்னால் நானே எதைப் பார்க்கலாம்?

நிறையப் பார்க்கலாம், கருவி எதுவும் வேண்டாம். ஆள் நடமாட்டமில்லாத ஒரு மைதானத்துக்கோ காலி பார்க்கிங்குக்கோ போங்கள். ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள்.

முதலில் நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்புங்கள். சக்கரம் உருளாமலே சத்தம் வந்தால் வீல் பேரிங்கையும் ஆக்சிலையும் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம், மேலே சஸ்பென்ஷன் பக்கம் பாருங்கள். அப்புறம் ஸ்டீயரிங்கை ஃபுல் கட்டில், அதாவது கோடி வரை ஒடித்து வைத்து மெதுவாக வட்டமடியுங்கள், முதலில் இடது, பிறகு வலது. வட்டமடிக்கும்போதே ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள், விட்டுப் பாருங்கள். அழுத்தும்போது சத்தம் கூடி, விட்டதும் குறைந்தால் ஆக்சில் மேல் சந்தேகம் விழும். அதே வட்டத்தை ரிவர்ஸிலும் போடுங்கள். முன்னோக்கிப் போகும்போது லேசாகக் கேட்ட சிவி ஜாயிண்ட் சத்தம் ரிவர்ஸில் பல நேரம் நன்றாகவே கேட்கும். கடைசியாக, திரும்பிக்கொண்டிருக்கும்போது பிரேக்கை மெல்லத் தொட்டுப் பாருங்கள். சத்தம் மாறினால் பிரேக்.

வேகத்தில் மட்டும் வரும் சத்தத்துக்கு மைதானம் போதாது, நீளமான வளைவு வேண்டும். சென்னைக்காரர்களுக்குக் கத்திப்பாரா மேம்பாலத்தின் வளைவுகள் இதற்கு நன்றாக உதவும். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துப் போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பட்டறைக்கு வந்ததும் வண்டி சத்தமே போடாமல் நிற்பது அடிக்கடி நடக்கும், அப்போது அந்தப் பதிவு கைகொடுக்கும்.

யூ டர்ன் அடிக்கும்போது டக் டக் டக் என்று வருகிறது, வேகம் கூட்டினால் சத்தமும் வேகமாகிறது. இது என்ன?

வெளிப்பக்க சிவி ஜாயிண்ட், அதாவது சக்கரத்தை ஒட்டியிருப்பது. இதை அடையாளம் காண்பதுதான் இருப்பதிலேயே சுலபம். அந்த ஜாயிண்ட்டைப் பிரித்தால் உள்ளே வழக்கமாக ஆறு எஃகுக் குண்டுகள் இருக்கும். அவை உள் வளையத்துக்கும் வெளிக் கிண்ணத்துக்கும் நடுவே வெட்டப்பட்ட தடங்களில் ஓடும், ஒரு கூடு அவற்றைப் பிடித்திருக்கும். நேராகப் போகும்போது குண்டுகள் தடத்தின் நடுவிலேயே இருக்கின்றன. சக்கரம் ஒடிந்ததும் ஒவ்வொரு சுற்றிலும் தடத்தின் இரு முனைக்கும் போய் வர வேண்டும். தடம் குழிவிழுந்திருந்தால் குண்டு அந்தக் குழியில் விழுந்து ஏறும் ஒவ்வொரு முறையும் ஒரு டக்.

நல்ல கிரீஸ் இருந்தால் இது அவ்வளவு சீக்கிரம் தேயாது. தேய்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிவதுதான். மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்த ரப்பர், மடிப்பின் பள்ளத்தில் வெடிப்பு விட ஆரம்பிக்கும். சுற்றுகிற வேகத்தில் உள்ளே இருக்கும் கருப்பு கிரீஸ் வெளியே வீசப்படும், மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். மண் கலந்த கிரீஸ் தடத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

பார்ப்பதற்குக் காரைத் தூக்கக்கூட வேண்டாம். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துவிட்டு, இன்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். சக்கரத்தின் உள்பக்கம், பிரேக் பேடுகளைப் பிடித்திருக்கும் காலிபர், ஸ்ட்ரட்டின் கீழ்ப்பகுதி எல்லாம் கருப்புக் கிரீஸ் வட்டமாகத் தெறித்திருந்தால் பூட் கிழிந்துவிட்டது.

எந்தப் பக்கம் என்று காதை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம். உள்பக்கச் சக்கரம் அதிகக் கோணத்தில் ஒடிகிறது, வெளிப்பக்கச் சக்கரம் அதிகப் பாரத்தைத் தாங்குகிறது, எனவே எதுவும் கத்தலாம். பூட்டைப் பார்த்து, ஆக்சிலைக் கையால் பிடித்து அசைத்துப் பார்த்துச் சொல்வதுதான் நம்பகமானது.

சத்தம் எதுவும் இல்லை, பூட் மட்டும் கிழிந்திருக்கிறது என்று சர்வீஸில் சொன்னார்கள். உடனே மாற்ற வேண்டுமா?

உடனே மாற்றுங்கள். இந்தப் பக்கத்தில் உள்ளவற்றில் காசை மிச்சப்படுத்தும் பதில் இதுதான். பூட், கிளிப், கிரீஸ் சேர்ந்த செட் சில நூறு ரூபாயில் கிடைக்கிற பொருள், ஜாயிண்ட்டோ முழு ஆக்சிலோ ஆயிரக்கணக்கில் போகும். கிழிந்த புதிதில் ஜாயிண்ட்டைக் கழற்றி, பழைய கிரீஸைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து, புதுக் கிரீஸ் வைத்துப் பூட் மாட்டினால் அதே ஜாயிண்ட் இன்னும் பல காலம் ஓடும். அதற்கென்று வரும் மாலிப்டினம் கலந்த கருப்புக் கிரீஸைத்தான் வைக்க வேண்டும். டப்பாவில் இருக்கும் சாதாரணக் கிரீஸை அள்ளிவைக்கச் சம்மதிக்காதீர்கள்.

டக் டக் வந்த பிறகு பூட் மட்டும் மாற்றுவது வீண் வேலை. குழிவிழுந்த தடத்தைக் கிரீஸ் நிரப்பாது.

50, 60 கிலோமீட்டர் வேகத்தில் உர்ர்ரென்று வருகிறது. லேசாக இடது பக்கம் வளைத்தால் கூடுகிறது, வலது பக்கம் வளைத்தால் அடங்கிவிடுகிறது. பேரிங்கா?

பெரும்பாலும் ஆமாம், அதிலும் வலது பக்கப் பேரிங். இடது பக்கம் வளைக்கும்போது பாரம் வலது பக்கம் போகிறது, அந்தப் பாரத்தில்தான் அது கத்துகிறது. வலது பக்கம் வளைக்கும்போது பாரம் குறைவதால் அடங்குகிறது. ஆரம்பத்தில் தெருக்கோடியில் மாவு மில் ஓடுவது போல மெல்லிசாக இருக்கும், பலர் ரோட்டுச் சத்தம் என்று விட்டுவிடுவார்கள். நாள் போகப்போகக் கரகரப்பு ஏறும்.

உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியில் முன்பக்கத்தைத் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. கியரை நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே, இன்னொரு கையை ஸ்ட்ரட்டின் சுருள் ஸ்ப்ரிங் மேல் வையுங்கள். பேரிங் கெட்டிருந்தால் காதுக்கு எட்டாத நறநறப்பு விரலுக்குத் தெரியும். மறுபக்கச் சக்கரத்தையும் இதே மாதிரி சுற்றி ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து சக்கரத்தை மேலும் கீழும், அதாவது கடிகாரத்தின் 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை உள்ளே உட்காரவைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் பேரிங். மிதித்தும் ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது சஸ்பென்ஷனில் வேறு ஏதோ. 3 மணி, 9 மணி இடங்களில் மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராட் எண்ட், ஸ்டீயரிங் ராக் பக்கம் போங்கள். ஆட்டமே இல்லாமலும் பேரிங் சத்தம் போடும், அதனால் ஆட்டம் இல்லை என்பதற்காகப் பேரிங் நல்லதென்று முடிவுகட்ட வேண்டாம்.

அது டயர் சத்தமாக இருக்க முடியாதா?

இருக்கலாம், இரண்டும் குழப்பும். டயரின் மேல்பரப்பில் உள்ள பட்டன்கள் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் அதுவும் உறுமும். டயர் மேல் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள், ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் ரம்பம் மாதிரி பிடித்தால் தேய்மானம் சரியில்லை. முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டினால் சத்தமும் பின்னால் போகிறதா என்று தெரிந்துவிடும். புதுத் தார் ரோட்டில் குறைந்து, கான்கிரீட் ரோட்டில் கூடினாலும் டயர் பக்கம்தான் சந்தேகம். பேரிங்குக்கு ரோடு எதுவாக இருந்தாலும் ஒன்றுதான்.

பேரிங் மாற்றும்போது எதைக் கவனித்துக் கேட்க வேண்டும்?

பட்டறையில் பிரஸ், அதாவது பாகத்தை அழுத்தி இறக்கும் எந்திரம், இருக்கிறதா என்று கேளுங்கள். பல சின்னக் கார்களில் பேரிங், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற பாகத்துக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும், ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்துத்தான் அதை இறக்க வேண்டும். சுத்தியலால் அடித்து இறக்கினால் அந்த அடி பேரிங்கின் குண்டுகள் வழியாகப் போய்த் தடத்தில் பள்ளம் போட்டுவிடும். புதுப் பேரிங் கொஞ்ச நாளிலேயே கத்துகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் கதை. பிரஸ் பண்ணும்போதும் வெளி வளையத்தைத்தான் அழுத்தி நக்கிளுக்குள் இறக்க வேண்டும், உள் வளையத்தை அழுத்தினால் அதே சேதம்தான்.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்கச் சீலில் காந்த வளையம் இருக்கும், சக்கர வேகத்தைச் சென்சார் அதை வைத்துத்தான் படிக்கிறது. பக்கம் மாற்றி மாட்டிவிட்டால் டாஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரியும், எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டியதுதான். அப்புறம் ஆக்சில் நட். அதைக் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். இறுக்குவதற்கு முன்னால் வண்டியை இறக்கி உருட்டினாலே புதுப் பேரிங் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. நட்டை மறுபடி பயன்படுத்தாமல் புதிது போடச் சொல்லுங்கள், பெரிய விலை இல்லை.

இரும்பை இரும்பு உரசுவது மாதிரி கரகர சத்தம், பிரேக் பிடித்தால் இன்னும் மோசம். ஓட்டலாமா?

ஓட்ட வேண்டாம். டிஸ்க்கை இரண்டு பக்கமும் அமுக்கிப் பிடிக்கும் பேட் தேய்ந்து, அதன் இரும்புத் தகடு டிஸ்க்கை அரைக்கிறது. புதுப் பேடில் தேயும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும், 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிட வேண்டும். சில பேடுகளில் ஒரு சின்னத் தகட்டு நாக்கு வைத்திருப்பார்கள், பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கிரீச்சென்று கத்தும். அந்தக் கிரீச்சைப் பொருட்படுத்தாமல் விட்டால் அடுத்து வருவதுதான் இந்தக் கரகர.

வெளியிலிருந்து சக்கரத் துளை வழியாகப் பார்த்து பேட் நன்றாக இருக்கிறது என்று சொல்வதை ஏற்காதீர்கள். அப்படித் தெரிவது வெளிப் பேட். காலிபர் நகர உதவும் சின்னக் கம்பி (பின்) காய்ந்து இறுகியிருந்தால் உள் பேட் மட்டும் முழுசாகத் தேய்ந்திருக்கும். சக்கரத்தைக் கழற்றி இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்க்கில் விரல் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தலாம். ஆனால் குறைந்தபட்சக் கனம் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள், அதற்குக் கீழே போகும் என்றால் புதிதுதான் போட வேண்டும்.

பிரேக் பிடித்தாலும் மாறவில்லை, ஆனால் தகரம் உரசுவது மாதிரி சர்சர்ரென்று வருகிறது?

டிஸ்குக்குப் பின்னால் மெல்லிய தகரத் தட்டு ஒன்று மறைப்பாக இருக்கும். ஜல்லி ரோட்டில் போய்வந்தால் அதற்கும் டிஸ்குக்கும் நடுவே கல் மாட்டும். பஞ்சர் கடையில் சக்கரம் மாற்றும்போது இடித்து வளைந்தாலும் உரசும். கல்லை எடுத்து, தட்டை ஸ்க்ரூடிரைவரால் மெல்ல நெம்பிவிட்டால் போதும், பாகம் எதுவும் மாற்ற வேண்டாம். திரும்பும்போது மட்டும் உரசினால் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மழையில் இரண்டு நாள் நின்ற வண்டியை எடுத்தால் கரகர என்கிறது.

டிஸ்க்கின் மேல் படிந்த துரு. சில தடவை பிரேக் பிடித்ததும் போய்விடும், கவலை வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் விஷயம் வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் சக்கரம் மூழ்க நின்றன. அப்படி நின்றால் பேரிங் சீலைத் தாண்டி நீர் உள்ளே போய், வாரங்கள் கழித்துக்கூடச் சத்தம் ஆரம்பிக்கலாம். பழைய கார் வாங்குகிறவர்கள் நீளமான வளைவில் ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலே கொர் என்று இழுத்து டங்கென்று விடுகிறது.

ஸ்ட்ரட்டின் மேல்முனையில் உள்ள மவுண்ட் பேரிங் இறுகியிருக்கும். ஸ்டீயரிங்கோடு சேர்ந்து சுழல வேண்டிய ஸ்ப்ரிங் முறுக்கிக்கொண்டு நின்று, பாரம் தாங்காமல் சட்டென்று விடுபடுகிறது. ஒருவர் திருப்ப, இன்னொருவர் முன்சக்கரத்துக்கு மேலே தெரியும் ஸ்ப்ரிங்கை விரலால் தொட்டுப் பார்த்தால் அந்தத் துள்ளல் தெளிவாகத் தெரியும். விரலைச் சுருளின் மேற்பரப்பில் மட்டும் வையுங்கள், இரண்டு சுருளுக்கு நடுவே விடாதீர்கள். இதை மாற்ற ஸ்ப்ரிங்கை அமுக்கும் கருவி வேண்டும். அமுக்கிய ஸ்ப்ரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து, வீட்டில் முயற்சி செய்யாதீர்கள்.

ஃபுல் கட்டில் ஙொய்யென்ற சத்தம்?

எண்ணெயில் ஓடும் பவர் ஸ்டீயரிங் என்றால் ஃபுல் கட்டில் லேசான முனகல் இயல்புதான், சில வினாடிகளுக்கு மேல் அதே நிலையில் பிடித்துவைக்காதீர்கள். எப்போதும் முனகினால் எண்ணெய் அளவைப் பாருங்கள், குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. எந்த எண்ணெய் என்பதை மூடியிலோ கையேட்டிலோ பார்த்து ஊற்றுங்கள். இப்போது வரும் சின்னக் கார்களில் பெரும்பாலும் மின்மோட்டார் ஸ்டீயரிங்தான், அதில் ஊற்ற எண்ணெயே கிடையாது.

டயர் மாற்றியதிலிருந்து ஃபுல் கட்டில் மட்டும் உரசுகிறது.

அளவு பெரிய டயர் மட்கார்டின் உள்பக்கப் பிளாஸ்டிக்கில் படுகிறது. தேய்ந்து பளபளக்கும் இடம் கண்ணுக்கே தெரியும். பழைய அளவு டயராகவே இருந்தால் அந்தப் பிளாஸ்டிக்கின் கிளிப் கழன்று தொங்கியிருக்கும்.

என்னுடையது பொலேரோ, தார். இதெல்லாம் பொருந்துமா?

பேரிங், பிரேக் பற்றிச் சொன்னவை பெரும்பாலும் பொருந்தும். பின்சக்கரம் மட்டும் தள்ளும் பொலேரோவில் முன்பக்க ஆக்சிலே இல்லாததால் சிவி ஜாயிண்ட் பேச்சு எழாது. திரும்பும்போது பின்பக்கத்திலிருந்து நறநறவென்று வந்தால் டிஃபரென்ஷியல் எண்ணெயைப் பாருங்கள். வளைவில் இரண்டு பின்சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுற்ற உதவும் சின்னப் பல்சக்கரங்கள் உள்ளே இருக்கின்றன, அவை அதிகம் வேலை செய்வது திரும்பும்போதுதான்.

தார், ஜிம்னி வைத்திருப்பவர்கள் முதலில் 4எச் (நான்கு சக்கரமும் தள்ளும் நிலை) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டதும் முன், பின் ஆக்சில்கள் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் அப்படியே திரும்பினால் டயர் தத்தும், வண்டி முரண்டு பிடிக்கும், அடியில் முறுக்குச் சத்தம் வரும். கோளாறு எதுவும் இல்லை, பின்சக்கரம் மட்டும் தள்ளும் 2எச்-க்கு வந்துவிடுங்கள். சேற்றிலும் மணலிலும் மட்டும் 4எச் போடுங்கள்.

இந்தச் சத்தத்தோடு எத்தனை நாள் ஓட்டலாம்?

பால் ஜாயிண்ட் ஆட்டமோ இரும்பு உரசும் பிரேக்கோ என்றால் இன்றைக்கே நிறுத்துங்கள். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடிந்து விழும். பேரிங் சத்தத்தோடு பட்டறை வரை மெதுவாகப் போகலாம், ஆனால் ஆட்டம் தெரிந்துவிட்டால் வண்டியை ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். டக் டக் அடிக்கும் சிவி ஜாயிண்ட் கொஞ்ச நாள் இழுத்துப்பிடிக்கலாம், திடீரென்று விட்டால் இன்ஜின் ஓடும், வண்டி நகராது. எதுவாக இருந்தாலும் மலைக்குப் போவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொன்றிலும் இந்தப் பாகங்கள்தான் வண்டியைத் தாங்குகின்றன.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டுமா?

ஸ்ட்ரட், டை ராட் எண்ட் கழற்றியிருந்தால் கட்டாயம். பேரிங்குக்காக நக்கிளை ஸ்ட்ரட்டிலிருந்து பிரித்திருந்தாலும் பார்த்துவிடுங்கள். பேட், தகரத் தட்டு, பூட் வேலைகளுக்கு வழக்கமாகத் தேவைப்படாது. கழற்றிய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். கெட்ட பேரிங்கை விரலில் வைத்துச் சுற்றினால் நறநறப்பு தெரியும். வழவழவென்று சுற்றினால் கோளாறு வேறு இடத்தில் இருக்கலாம், வண்டியை எடுப்பதற்கு முன்னால், பட்டறை ஆளையும் ஏற்றிக்கொண்டு அதே வளைவில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.